தேயத் தேய உயரும் மலைகள்

(வெள்ளி விழாவின் அறிவியல் அரங்கில் நிகழ்த்திய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றியும், நம் கழகம் கடந்து வந்த பாதையைப் பற்றியும் பேசுதற்குத் தக்கவர் பலர் இம்மேடையில் உள்ளனர். எங்களுக்கு அளிக்கப்பட்ட பணி வேறு. அறிவியலில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் இறுதி வரை கணக்கோடு விளக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். "கணக்கோடு" என்னும் சொல்லை அவர்கள் அழுத்திக் கூறியது எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தைக் கதையாகச் சொன்னால் போதும், கணக்கு அவர்களுக்கு எட்டாது என்று இரக்கப்படுவோர் பல இடங்களில் இருக்கிறார்கள். அந்த இரக்கம் நமக்கு வேண்டுவதில்லை. ஆகவே இன்று சிறிது கணக்கும் வரும்; எழுதுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட வினா மிக எளியது. மழை மலையை அரிக்கிறது. வெயிலில் பாறை வெடிக்கிறது, பனியில் பிளக்கிறது, ஆறு அதனைப் பொடியாக்கிக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. கங்கையும் பிரமபுத்திராவும் சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலை வங்கக் கடல் நோக்கிச் சுமந்து வருகின்றன. அந்த வண்டல் கடலடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் பரந்து கிடக்கிறது. இவ்வளவும் மலையின் உடம்பிலிருந்து போனது. அங்ஙனமாயின் மலை ஏன் இன்னும் இருக்கிறது?

ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இமயத்துக்கு இது மிகையான அளவு அன்று. 10 லட்சம் ஆண்டுகளில் 1 கிலோமீட்டர் போய்விடும். 90 லட்சம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரமே கடல் மட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. "மோதல் இன்னும் நடக்கிறது, ஒருபுறம் தேய, மறுபுறம் வளர்கிறது" என்று ஒரு மாணவர் எழுந்து சொல்லக்கூடும். சரியான விடைதான், ஆனால் பாதி விடை. வட அமெரிக்காவின் கிழக்கே அப்பலேச்சியன் என்றொரு மலைத்தொடர் உண்டு. அதனை எழுப்பிய மோதல் முடிந்து 25 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தள்ளுவார் யாருமில்லை; மழை மட்டும் நிற்கவில்லை. ஆயினும் அதன் உயர்ந்த சிகரமாகிய மிட்செல் மலை இன்றும் 2,037 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இதற்கு விடை என்ன?

விடையைச் சுருங்கச் சொன்னால், மலைகள் மிதக்கின்றன. மூட்டை ஏற்றிய தோணி நீரில் அமிழ்ந்து நிற்கும். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க இறக்கத் தோணி மேலே எழும். மலையின் முதுகிலிருந்து மழை மண்ணை இறக்குகிறது. மலை அடியிலிருந்து எழுகிறது. புவியியலார் இதற்கு ஐசாஸ்டசி என்று பெயரிட்டுள்ளனர். டட்டன் என்ற அமெரிக்கப் படை அதிகாரி 1889இல் வாஷிங்டன் நகரில் படித்த கட்டுரையால் பரவிய பெயர் அது. நாம் புவிச் சமநிலை என்று வழங்குவோம்.

பெயர் வைத்தது எளிது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடக்கும் இதனை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்பதுதான் சுவையான செய்தி. அதனைக் காட்டிக்கொடுத்தது, நம்மில் பலர் வீட்டில் இருக்கும் ஒரு கருவி: கொத்தனாரின் தூக்குக்குண்டு.

நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு நேர்கீழே நிற்கும் என்று நம்பித்தான் சுவர் எழுப்புகிறோம். ஆனால் பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பது நியூட்டன் கண்ட விதி. ஆதலின் பக்கத்தில் பெரிய மலை இருந்தால் குண்டு மலைப்பக்கம் சற்றே சாய வேண்டும். 1738இல் பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர், தென் அமெரிக்காவில் இன்றைய ஈக்வடார் நாட்டிலுள்ள சிம்பராசோ எரிமலையின் அருகே இதனைச் சோதித்தார். குண்டு சாய்ந்தது, ஆனால் கணக்கிட்டதைவிட மிகக் குறைவாகவே சாய்ந்தது. ஏன் என்று உறுதியாகச் சொல்ல அன்று எவராலும் இயலவில்லை. அந்த வினா நூறாண்டுக்கு மேல் கிடந்து, நம் நாட்டில் மீண்டும் எழுந்தது.

1802இல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மனிதர்கள் தோளில் சுமந்து மலையேற்றினார்கள். 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தின் மேல் அதனை ஏற்றும்போது கயிறு தளர்ந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்த கதையும் உண்டு. கொடி பிடித்தவர், கோபுரம் கட்டியவர், காட்டை வெட்டி வழி செய்தவர், காய்ச்சலில் மாண்டவர் ஆகியோரைக் கலாசிகள் என்று ஒரு பொதுச்சொல்லால் குறித்துவிட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த நூலிலும் இல்லை. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவரே.

எவரெஸ்ட் 1847இல் வெளியிட்ட நூலில் ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், அதற்கு வடக்கே முசாபர்நகர் அருகே கலியானா; இவை இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இரண்டின் அட்சரேகை வேறுபாட்டை நிலத்தில் அளந்தும் கண்டார்கள். விண்மீன்களை நோக்கியும் கண்டார்கள். இரண்டு விடைகளும் 5.236 விகலை வேறுபட்டன. ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறு ஒரு விகலை. தரையில் இது ஏறத்தாழ 160 மீட்டர். 600 கிலோமீட்டரில் 160 மீட்டர்! நம் ஊர் நிலஅளவையில் இதைவிடப் பெரிய பிழைகளைக் கண்டு வழக்காடியிருக்கிறோம். ஆனால் அந்த அளவையில் இது பொறுக்க முடியாத பிழை.

எவரெஸ்ட் இதனை அளவையில் சேர்ந்துவிட்ட பிழையாகக் கருதினார். பிழை என்றால் கோல் பிடித்தவன் மேல் முதல் ஐயம் விழுவது உலக வழக்கு. ஆனால் கல்கத்தாவில் கிறித்தவ ஆலயத் தலைமைக் குருவாக இருந்த பிராட் என்னும் கணித வல்லுநர் வேறுவிதமாக எண்ணினார். விண்மீனை நோக்கும் கருவியைத் தூக்குக்குண்டின் துணைகொண்டே நிறுத்த வேண்டும். கலியானா இமயத்துக்கு அருகில் உள்ளது. அங்கே இமயம் குண்டை இழுத்திருக்கும். இழுத்த அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுவிட்டால் முரண்பாடு தீர்ந்துவிடும் என்று நம்பி, இமயத்தின் பருமனையும் திபெத்து பீடபூமியின் பருமனையும் கொண்டு அவர் கணக்கிட்டார். விடை 15.885 விகலை வந்தது. தீர்க்கப் போன முரண்பாடு மும்மடங்காகி எதிரே நின்றது. இருக்க வேண்டிய ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இமயத்திடம் இருந்தது. கோல் பிடித்தவர்கள் பிழை செய்யவில்லை என்பது மட்டும் உறுதியாயிற்று.

பிராட் தம் கணக்கை மறைக்கவில்லை. பொருந்தாத விடையை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். இதனை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1855இல் அக்கட்டுரை லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டில், அரசவை வானியலாராக இருந்த ஏரி அதற்கு விடை எழுதினார். ஏரி சொன்ன உவமை மரக்கட்டைகளால் ஆன தெப்பம். நீரில் பல கட்டைகள் சேர்ந்து மிதக்கின்றன. ஒரு கட்டையின் மேற்பரப்பு மற்றவற்றைவிட உயர்ந்து தெரிந்தால், அதன் அடிப்பகுதி மற்றவற்றைவிட ஆழமாக நீருள் இருக்கிறது என்று பொருள். மலையும் அத்தகையதே. மேலே தெரியும் உயரத்துக்குக் கீழே, லேசான பாறையாலான ஒரு வேர் கனமான பாறைக்குள் இறங்கியிருக்கிறது. கனமான பாறை இருக்க வேண்டிய இடத்தில் லேசான பாறை இருப்பதால் ஈர்ப்பு குறைகிறது. குண்டு குறைவாகச் சாய்ந்த காரணம் அதுவே.

1859இல் பிராட் வேறொரு விளக்கம் அளித்தார். வேர் என்று ஒன்று வேண்டியதில்லை; உயர்ந்த நிலத்தின் அடியிலுள்ள பாறை அடர்த்தி குறைந்தது, தாழ்ந்த நிலத்தின் அடியிலுள்ளது அடர்த்தி மிக்கது, அவ்வளவே என்றார். கடலடி மலைத்தொடர்களுக்குப் பிராட்டின் கருத்தும், இமயம் போன்ற மலைகளுக்கு ஏரியின் கருத்தும் பெரிதும் பொருந்துகின்றன. இப்போது நில அதிர்வு அலைகளைக் கொண்டு ஆழத்தை அறிய முடிகிறது. தென்னிந்தியாவில் புவி ஓட்டின் தடிமன் சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர். திபெத்தில் அது 70 கிலோமீட்டர். வேர் இருக்கத்தான் செய்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். புவி ஓட்டுப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு என்று கொள்க. அதன் அடியிலுள்ள கவசம் என்னும் பகுதியின் அடர்த்தி 3.3 மடங்கு. 2.7ஐ 3.3ஆல் வகுத்தால் 0.82 வரும். அதாவது நீரில் தன் உயரத்தில் 100க்கு 82 பங்கு அமிழ்ந்து, 18 பங்கு வெளியே தெரியும் மரக்கட்டைக்கு ஒப்பானது மலை. அந்தக் கட்டையின் மேற்பகுதியில் 10 சென்டிமீட்டரைச் சீவி எறியுங்கள். கட்டை 8.2 சென்டிமீட்டர் எழும். இழந்த உயரம் 1.8 சென்டிமீட்டர் மட்டுமே. மலையிலும் இதே விகிதம். மழை 1,000 மீட்டர் பாறையை வாரிக்கொண்டு போனால், அடியிலிருந்து 818 மீட்டர் எழுகிறது. மலை இழந்தது 182 மீட்டர். ஒரு மலைநாட்டை உண்மையாகவே 1,000 மீட்டர் தாழ்த்த வேண்டுமானால் 5,500 மீட்டர் பாறையை அரித்தாக வேண்டும். நாம் முதலில் போட்ட 90 லட்சம் ஆண்டுக் கணக்கு ஏன் பொய்த்தது என்பது இப்போது விளங்குகிறதன்றோ? மலை சாகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் வேரில் உள்ள இருப்பு.

"தேய்மானம் குறைவாகத் தெரிகிறது என்றுதானே காட்டினீர்கள்? உயர்வதாகத் தலைப்பில் சொன்னது எங்கே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. இந்த இடத்தில் பாடநூல்கள் சிலவும் வழுக்கி விழுகின்றன. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

5,000 மீட்டர் உயரமுள்ள, மேசைபோல் தட்டையான ஒரு பீடபூமியை எண்ணிக்கொள்ளுங்கள். மழை எல்லா இடத்தையும் ஒரே அளவாகச் சீவுவதில்லை. ஆறுகள் பள்ளத்தாக்குகளை வெட்டுகின்றன. இடையில் உள்ள முகடுகள் பெரிதும் வெட்டுப்படாமல் நிற்கின்றன. வெட்டுண்ட பாறை முழுவதையும் பரப்பி அளந்தால் சராசரி 1,000 மீட்டர் என்று வைப்போம். பாரம் குறைந்ததால் நாடு முழுவதும் 818 மீட்டர் எழுகிறது. சராசரி உயரம் 4,818 மீட்டராகத் தாழ்ந்துவிட்டது. ஆனால் வெட்டுப்படாத முகடோ 5,818 மீட்டரில் நிற்கிறது! நாடு தாழ்ந்தது, சிகரம் உயர்ந்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் நிகழ்ந்தன. நடப்பில் முகடும் ஓரளவு தேயுமாதலால் இவ்வளவு உயராது, எனினும் உயரும். "மலை உயர்ந்தது" என்று எவரேனும் சொன்னால், பாறை உயர்ந்ததா, நாட்டின் சராசரி உயர்ந்ததா, சிகரம் உயர்ந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். மோல்னார், இங்கிலாந்து என்னும் இரு புவியியலார் 1990இல் எழுதிய கட்டுரை இவ்வேறுபாட்டை வற்புறுத்திற்று. மலை உயர்ந்ததால் தட்பவெப்பம் மாறியதா, தட்பவெப்பம் மாறி அரிப்பு மிகுந்ததால் சிகரங்கள் உயர்ந்தனவா என்று வினவி, கோழி முதலா முட்டை முதலா என்றே அவர்கள் தலைப்பிட்டிருந்தனர். நம் திண்ணைப் பேச்சு அறிவியல் ஏட்டிலும் இடம் பிடித்துவிட்டது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஓடை ஒரு பள்ளத்தை அரித்தால் அந்தப் பள்ளம் மட்டும் எழுந்துவிடாது. புவியின் மேற்பகுதி விறைப்பானது. கயிற்றுக்கட்டிலில் நால்வர் அமர்ந்திருக்க, நடுவில் ஒருவர் எழுந்தால் பக்கத்தில் உள்ளவரும் சேர்ந்து மேலே வருவார் அல்லவா? அதுபோல ஓரிடத்தில் குறைந்த பாரம் சுற்றிலும் பல பத்து, ஏன், நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு உணரப்படும். பள்ளத்தாக்கில் குறைந்த பாரத்தால் பக்கத்துச் சிகரம் எழுவது இதனால்தான்.

இதற்கு எவரெஸ்டே சான்றாக நிற்கிறது. வேகர் என்னும் புவியியலார் 1933ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவில் சென்றவர். திபெத்தில் பிறக்கும் அருண் ஆறு, இமயத்தின் உயர்ந்த பகுதியையே குறுக்கே வெட்டிக்கொண்டு நேபாளத்தில் இறங்கிக் கோசியில் சேர்கிறது. அதன் மேற்கே எவரெஸ்டும் மகாலுவும், கிழக்கே கஞ்சன்ஜங்கா. ஆறு வெட்டிய பெரும்பள்ளத்தின் இருமருங்கும் உலகின் தலையாய சிகரங்கள் நிற்பது தற்செயல் அன்று, பாரம் குறைந்ததால் அவை எழுந்திருக்கலாம் என்று அவர் 1937இல் எழுதினார். 2024இல் சீன, ஆங்கில ஆய்வாளர்கள் சேர்ந்து இதனைக் கணினியில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஏறத்தாழ 89,000 ஆண்டுகளுக்கு முன் அருண் ஆறு வடக்கே இருந்த மற்றோர் ஆற்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டது; அதன்பின் நீர் பெருகி அரிப்பு மிகுந்தது; அதனால் எவரெஸ்ட் 15 முதல் 50 மீட்டர் வரை கூடுதலாக உயர்ந்துள்ளது என்பது அவர்கள் முடிவு. ஆறுதான் எவரெஸ்டை எழுப்பியது என்பதுபோல் எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 2020இல் அறிவித்த அளவின்படி சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர், அதில் 50 மீட்டர் என்பது சிறு பங்கு. இமயத்தை எழுப்பியது நிலத்தட்டுகளின் மோதலே. ஆறு செய்தது அதன்மேல் ஒரு சேர்க்கை. அறிவியலில் ஒன்றைச் சொல்லும்போது எவ்வளவு என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

அடுத்து, இளைஞர் பலர் மனத்தில் எழும் ஐயம். கவசம் பாறை என்கிறீர்கள்; பாறையில் எப்படி மிதக்க முடியும்? உள்ளே உருகிய குழம்பு இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. திரவத்தில் செல்லாத ஒருவகை அதிர்வலை கவசத்தின் ஊடே செல்கிறது. ஆகவே அது திடப்பொருளே. சாலைப் பணியில் உள்ள நம் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். பீப்பாயிலிருந்து எடுத்த தார்க்கட்டியைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் சில்லுச் சில்லாய்த் தெறிக்கும். அதே கட்டியைச் சில நாள் அப்படியே விட்டுவிட்டால், தானே தளர்ந்து தட்டையாகப் பரவிக் கிடக்கும். அடிக்குத் திடம், காலத்துக்குக் குழைவு. கவசப் பாறைக்கும் அந்த இயல்பு உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய காலம் நாள் கணக்கில் இல்லை, ஆயிரம் ஆண்டுக் கணக்கில்.

அந்தக் காலத்தை நேரில் அளந்து காட்டும் இடம் ஐரோப்பாவின் வடக்கே உள்ளது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் சுவீடன், பின்லாந்து, நார்வே நாடுகளின் மேல் 3 கிலோமீட்டர் தடிமன் வரை பனி படிந்திருந்தது. நிலம் அமிழ்ந்தது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகித் தீர்ந்தது. நிலம் எழத் தொடங்கிற்று, இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. பாத்னியா வளைகுடாவின் வடபகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். மீன்பிடி ஊர்களின் துறைகள் வற்றி, படகுத்துறையைக் கடலை நோக்கி நகர்த்த வேண்டியதாயிற்று. செல்சியஸ் (வெப்பமானியால் நாம் அறிந்த அதே அறிஞர்தான்) 1731இல் கடலோரப் பாறை ஒன்றில் நீர்மட்டத்தைக் கோடிட்டுச் செதுக்கி வைத்தார். கடல் வற்றுகிறது என்பது அவர் கருத்து. இன்று அக்கோடு நீருக்கு மேல் ஏறத்தாழ 2 மீட்டரில் இருக்கிறது. கடல் வற்றவில்லை, பனிப்பாரம் நீங்கிய நிலம் எழுகிறது என்று ஜேமிசன் என்பவர் 1865இல் விளக்கினார். சுவீடனின் உயர்கடற்கரை என்னும் பகுதியில், பழைய அலைகள் மோதிய கரை இன்று கடலுக்கு மேல் 285 மீட்டர் உயரத்தில் காடாக நிற்கிறது. பாரம் பனியாயினும் பாறையாயினும் எழும் விதி ஒன்றே.

பாரம் நீங்கினால் தாழ்ந்தது உயரும் என்னும் இந்தச் செய்தியை மேடையில் உவமையாக்கிக் கைதட்டல் பெறுவது மிக எளிது. நாம் அதனைச் செய்யப் போவதில்லை. பாறைக்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதன் பாரத்தை மழை இறக்குகிறது. நம் சமுதாயத்தின் தோளில் உள்ள பாரத்தை எந்த மழையும் வந்து இறக்கியதில்லை. இறக்கியவர்கள் மனிதர்கள், அவர்களுள் பலர் இந்த அவையில் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நீதி செய்யாதவர் ஆவோம். மலையை மலையாகவே அறிவோம்.

வெளிநாட்டு மலைகளையே பேசிவிட்டோம். நம் கைக்கெட்டும் தொலைவிலும் ஒரு சான்று உண்டு. லாம்டன் சங்கிலி விரித்த பரங்கிமலையையும் அதனை அடுத்த பல்லாவரத்தையும் மீண்டும் நினைவுகூருங்கள். அங்குள்ள கருநீலம் கலந்த கடுமையான கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை மேல் இவ்வகைக் கல் பதிக்கப்பட்டிருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹாலந்து 1893இல் அதனை ஆராய்ந்து, கல்லறைக்கு உரியவரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். உலகெங்கும் இவ்வகைப் பாறைக்கு இன்று அதுவே பெயர். அதற்கு மூலமாதிரி நம் பல்லாவரத்துக் கல். பல்லாவரத்தில் வெயிலில் நின்று அதனை உடைத்தவர் எவர் பெயரும் எந்தப் பாறைக்கும் வைக்கப்படவில்லை.

நாம் சொல்ல வந்தது வேறு. இந்தக் கல்லில் உள்ள கனிமங்கள் எந்த வெப்பத்திலும் எந்த அழுத்தத்திலும் உருவாகும் என்பதைச் சோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். அவ்வழுத்தம் வேண்டுமாயின் தலைக்கு மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பாறை இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு ஆழத்தில் வெந்த கல், இன்று தாம்பரம் போகும் வழியில் ரயில் சன்னலிலிருந்து தெரிகிறது. மேலே இருந்த 20 கிலோமீட்டர் பாறை எங்கே போயிற்று? பெரும்பகுதியை மழையும் ஆறும் கொண்டுபோயின. எப்படி முடிந்தது? நம் கணக்கையே போட்டுப் பாருங்கள். 20 கிலோமீட்டர் அரிக்கப்பட்டால் 16.4 கிலோமீட்டர் அடியிலிருந்து எழும். நிலமட்டம் தாழ்வது 3.6 கிலோமீட்டர் மட்டுமே. ஆக, ஒரு காலத்தில் 4 கிலோமீட்டர் அளவுக்கு உயர்ந்த மலைநாடு அங்கே இருந்திருந்தால், அது தேய்ந்து சமநிலமாவதற்குள் 20 கிலோமீட்டர் ஆழத்துக் கல் மேலே வந்துவிடும். உண்மை வரலாறு இதனினும் சிக்கலானது. நிலத்தட்டுகளின் தள்ளுதலும் அதில் கலந்திருக்கும். ஆனால் எழுச்சி இல்லாமல் அரிப்பு மட்டும் இருந்திருந்தால், கடல் மட்டத்தை எட்டியதுமே ஆறுகளின் வேலை நின்றிருக்கும். ஆழத்துக் கல் ஆழத்திலேயே கிடந்திருக்கும். பல்லாவரத்துக் கல்லைக் கையில் எடுத்தவர் ஒரு பழைய மலையின் வேரைக் கையில் எடுத்தவர் ஆகிறார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இதில் பங்குண்டு. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து போனபின், அங்கே நிலத்தை மோதித் தள்ளுவது எதுவுமில்லை. கடற்கரைப் பக்கம் அரிப்பு மிகுந்து பாரம் குறைய, அதன் விளிம்பாகிய மலைச்சுவர் எழுந்து நிற்கிறது என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. தென்மேற்குப் பருவமழை மோதுவதும், நம் ஆறுகள் கிழக்கே ஓடுவதும் அந்தச் சுவர் நிற்பதால்தான்.

கல்லுடைக்கும் தொழிலில் உள்ள குடும்பங்கள் இவ்வவையில் பல உள்ளன. எந்தக் கல் எந்தத் திசையில் பிளக்கும், எது தட்டினால் மணிபோல் ஒலிக்கும், எதில் உளி நிற்காது என்று அவர்கள் அறிந்திருப்பது சிறிய அறிவு அன்று. புவியியல் கல்லூரியில் சேரும் மாணவர் ஓராண்டு பயின்று பெறும் கண்ணை அவர்கள் பிள்ளைகள் வீட்டிலேயே பெற்றுவிடுகிறார்கள். அப்பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குமேல் கணக்கையும் இயற்பியலையும் கைவிடாமல் படிக்க வழி செய்ய வேண்டும் என்று கழகத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். பூமியை ஆராயும் படிப்பில் நம் பிள்ளைகள் மிகச் சிலரே சேருகிறார்கள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

முன்வரிசை மாணவர்களுக்காக மேசையில் ஒரு மரக்கட்டையும், நீர் நிறைந்த தொட்டியும், அளவுகோலும் வைத்திருக்கிறோம். கட்டையின் மேற்பகுதி பல சில்லுகளாக அறுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சில்லாக எடுத்து, எவ்வளவு எழுகிறது என்று அளந்து எழுதுங்கள். 0.82 வருகிறதா என்று பாருங்கள். கட்டையின் மரம் வேறாகையால் சற்றே வேறுபடும். எவ்வளவு வேறுபடுகிறது, ஏன் என்பதையும் உடன் எழுதுங்கள். வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.